மேல்பக்கம் நீல மூடி

பிப்ரவரி 22, காக்கிநாடா துறைமுகம்

வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது.

"ஒரே ரூமாம்மா?" என்று போனில் இரண்டு முறை கேட்டார். ஆமாம் சார், ஒரே ரூம்தான் என்றேன். தலையில் கை வைத்திருப்பார் போல. "தேதி போட்டு எழுதி வைங்கம்மா. ஒரே நேரத்துல அறையில இருக்கலன்னு ஒரு குறிப்பு இருந்தா, பின்னால யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்.

ஆகவே குறிப்பு. நான் ஆவுடையம்மாள், வயது முப்பத்தொன்பது. கடலடி மண் ஆய்வகத்தில் மூத்த அலுவலர். கோமதிநாயகம், வயது நாற்பத்திரண்டு, அதே வேலை. இருவருக்கும் ஊர் சங்கரன்கோவில். பதின்மூன்று வருடம் முன்னால் கல்யாணம். இரண்டு வருடமாகத் தனித்தனி வீடு. போன செப்டம்பரில் இருவரும் சம்மதித்து விவாகரத்து மனு போட்டோம். யோசித்துப் பாருங்கள் என்று ஆறு மாதம் கொடுத்து, மார்ச் 24க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு இருவரும் நேரில் போய் மனசு மாறவில்லை என்று சொன்னால் முடிந்தது. கப்பல் மார்ச் 20 கரை திரும்பும். சரியாக இருக்கும்.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர்கள் கோப்பில் நாங்கள் கணவன் மனைவி. புருஷன் பெண்டாட்டிக்கு எதற்கு இரண்டு அறை என்று 214ஆம் அறையை ஒதுக்கிவிட்டார்கள். மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை. அவர் பையை மேலே போட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஏணி ஏறினால் தலைசுற்றும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பெரிய உபகாரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவருக்கு மாலை ஆறு முதல் காலை ஆறு. எனக்குக் காலை ஆறு முதல் மாலை ஆறு. நான் தூங்கும்போது அவர் வேலையில், அவர் தூங்கும்போது நான் வேலையில். ஒரே நேரத்தில் அறையில் இருந்த நிமிடங்கள்: பூஜ்யம்.

பிப்ரவரி 24, கடலில்

வக்கீலுக்குப் புரிய வேண்டுமே என்று வேலையைப் பற்றியும் எழுதுகிறேன். அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

இங்கே கடல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் குளிரும் அதிகம், அழுத்தமும் அதிகம். அங்கே மண்ணுக்குள் ஊறி வரும் எரிவாயு தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. பார்த்தால் ஐஸ், தீக்குச்சி கிழித்து வைத்தால் எரியும். நாங்கள் மீத்தேன் பனி என்போம். அதை வெட்டி அள்ள முடியாது. துளை போட்டு, துளையில் நிற்கும் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பனி தானே வாயுவாகவும் தண்ணீராகவும் பிரியும். வாயு மேலே வரும். வருகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறோம். "அப்ப சிலிண்டர் சீக்கிரம் வருமாட்டி?" என்று அம்மா கேட்டாள். அதற்கு இன்னும் நாளாகும்.

அதற்கு முன் எந்த ஆழத்தில் பனி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒன்பதரை மீட்டர் நீளக் குழாயில் கடலடி மண்ணை அப்படியே உருவி மேலே கொண்டுவருவோம். அதற்குக் கோர் என்று பேர். ஐந்து பேர் தோளில் தூக்கி வந்து மேடையில் கிடத்தி, முதலில் வெப்பக் கேமராவை ஓட்டுவோம். பனி உருகும் இடம் சில்லென்று இருப்பதால் படத்தில் கருநீலமாகத் தெரியும். பிறகு ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுத்து முனைகளில் மூடி போடுவோம். மேல்பக்கம் நீல மூடி. கீழ்ப்பக்கம் வெள்ளை மூடி. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பனி போயே போய்விடும். மூடி மாறினால் துண்டு தலைகீழாகிவிடும். பிறகு எந்த மண் மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று அந்த மண்ணைக் கேட்டா தெரிந்துகொள்ள முடியும்?

காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஷிஃப்ட் மாற்றும்போது பதினைந்து நிமிடம் அவரும் நானும் ஆய்வகத்தில் இருப்போம். எத்தனை கோர் வந்தது, எது பாக்கி, எந்தக் கருவி மக்கர் பண்ணுகிறது. என்னை மேடம் என்கிறார். நான் சார் என்கிறேன். அறையில் சேர்ந்து இருந்த நிமிடங்கள்: பூஜ்யம்.

பிப்ரவரி 25

கடல் அமைதி. வாந்தி இல்லை. பூஜ்யம்.

பிப்ரவரி 27

என் படுக்கையின் தலைமாட்டில் குளிர்காற்றுக் குழாயின் தகடு, நான் வந்த நாளிலிருந்து கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. இன்று சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் காகிதத்தை நான்காக மடித்துச் செருகியிருக்கிறது. எங்கள் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் லாசர் அண்ணன் நாகர்கோவில்காரர், அறுபதை நெருங்கியவர். நன்றி சொன்னேன்.

"நான் இல்லையே எக்கா" என்றார்.

யாராவது செய்திருப்பார்கள். பூஜ்யம்.

மார்ச் 1

வக்கீலுக்கு ஒரு விஷயம் இதுவரை நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. பிரிவுக்குக் காரணம் என்ன என்று கேட்டபோது கருத்து வேறுபாடு என்று சொல்லி முடித்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால் சிரிப்பார்.

ஐந்து வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு பயணம். அப்போதும் எனக்குப் பகல், அவருக்கு இரவு. நான் ஒரு கோருக்கு மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன். நீலம் கீழே, வெள்ளை மேலே. என் தவறுதான், இல்லை என்று சொல்லவில்லை. அவர் தன் ஷிஃப்டில் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் நாலு எட்டு நடந்து வந்து அறைக்கதவைத் தட்டி, ஏட்டி, இப்படிச் செய்து வைத்திருக்கிறாயே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதிவிட்டார். காலைக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அதை வாசித்தபோதுதான் எனக்கே தெரியும். காதிலிருந்து கழுத்துவரை கொதித்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னைக் கப்பலேற்றவில்லை. கரை ஆய்வகத்தில் போட்டார்கள். அவர் கடலுக்குப் போவார், வருவார். ஏன் என்னிடம் முதலில் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாப்பாடு, துணி, கரண்ட் பில், இது மட்டும் பேசினோம். பிறகு அதுவும் குறைந்தது. அவர் செய்தது சரி. சரியாகச் செய்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பூஜ்யம்.

மார்ச் 2

மேல் படுக்கையில் தலையணை கோணலாகக் கிடந்தது. சரிசெய்யப் போனபோது அடியில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. ரத்த அழுத்தத்துக்கானது. அவருக்கு பிரஷர் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அட்டையில் ஆறு மாத்திரை இருந்தது.

மார்ச் 3

ஆறுதான் இருக்கிறது. நேற்றுப் போடவில்லை.

சமையற்கூடத்தில் ஊறுகாயை எல்லோருக்கும் குறையுங்கள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். பூஜ்யம்.

மார்ச் 4

ஐந்து.

இன்று மாலை மாற்றும் நேரத்தில் குளிர்ப்பெட்டியைத் திறந்து சுண்டைக்காய் அளவு பனித்துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். விடியற்காலையில் அவர் ஷிஃப்டில் வந்த கோரில் உதிர்ந்ததாம், மாதிரிக்கு ஆகாத துண்டு. "காதுகிட்ட வச்சுக் கேளுங்க மேடம்" என்றார். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி புசுபுசுவென்று பேசியது. கை சில்லிட்டுப் போயிற்று. இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி வைத்துக் கேட்டதில்லை. சத்தம் நின்றபோது கையில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, பாக்கி எத்தனை கோர் என்று கேட்டேன்.

மார்ச் 6

ஐந்தரைக்கே மேலே போய்விட்டேன். தூக்கம் முன்னதாகவே கலைந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

கோர் ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. தூக்க ஓர் ஆள் குறைந்தது, நானும் தோள் கொடுத்தேன். கேமரா ஓட்டி, அறுத்து, அவர் மூடி போட்டுக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கருப்பாக இருந்தது.

"மூக்குல கிரீஸ்" என்றேன்.

"எங்கன?"

கையுறையாலேயே துடைத்தார். அதிலும் கிரீஸ். மூக்கு, கன்னம், மீசை எல்லாம் கருப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் இரண்டு கையிலும் இரண்டு மூடியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நான் சிரித்து அவர் பார்த்தது எந்தக் காலத்திலோ.

"என்னத்தப் பாக்கீங்க, மூடியப் போடுங்க. உள்ள இருக்கது போயிரும்" என்று அதட்டினேன்.

போட்டார். நாள் பூராவும் மனசு லேசாக இருந்தது. நல்ல தூக்கம் தூங்கி எழுந்ததால் இருக்கும்.

மார்ச் 10

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. இப்போது முழுசாக எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு முக்கியமான கூட்டம். பம்ப் இறக்கும் துளையில் சல்லடைக் குழாயை எந்த ஆழத்தில் வைப்பது என்று முடிவெடுப்பார்கள். வாயு அந்தச் சல்லடை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். பனி மண்ணுக்கு நேர் கீழே தண்ணீர் மண் இருக்கிறது. சல்லடை அதைத் தொட்டுவிட்டால் பம்ப் காலத்துக்கும் தண்ணீரையே இறைத்துக்கொண்டிருக்கும், அழுத்தம் இறங்காது, ஒரு பொட்டு வாயு வராது. அந்த ஆழத்தில் துளையின் சுவர் இடிந்திருந்ததால் கருவிகளின் அளவை நம்ப முடியாது. கோர்தான் ஆதாரம்.

பன்னிரண்டரைக்குக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தேன். முப்பத்தொன்றாவது கோர், நான்காவது துண்டு. கேமரா படத்தில் துண்டின் மேல்முனையில் இருபது சென்டிமீட்டருக்கு மட்டும் கருநீலம். ஆனால் ஆய்வகத்தில் அந்தத் துண்டைத் திறந்து பார்த்தபோது பனி உருகிக் கூழான மண் கீழ்முனையில் இருந்தது. மூன்று முறை பார்த்தேன். துண்டு தலைகீழ். பனி முடியும் இடம் நாங்கள் நினைத்ததைவிட ஒரு மீட்டர் முப்பது மேலே.

தாளைப் புரட்டினேன். மூடி போட்டவர் கோ.நா. தேதி மார்ச் 6. நேரம் காலை 5:48.

அந்த 5:48 எனக்குத் தெரியும். மூக்கில் கிரீஸோடு நின்றவரை மூடியைப் போடுங்கள் என்று அதட்டியது நான்தான்.

பதிவேடு பக்கத்திலேயே இருந்தது, பேனாவும் இருந்தது. எழுதினால் அது சரி. அவர் அன்றைக்குச் செய்ததும் இதே சரிதான். ஒரு நிமிடம் ருசியாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை. இரண்டு மணிக் கூட்டத்தில் வாசிப்பார்கள், அவர் தூங்கி எழுந்து கேள்விப்படட்டும் என்று. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு 214க்குப் போனேன்.

கதவைத் திறந்தால் திரை போட்டு இருட்டாக இருந்தது. மேல் படுக்கையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை வெளியே தொங்கியது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று இவர் தூங்கிப் பார்த்து. முன்னால் இத்தனை நரை இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படுத்த மனுஷன். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. நான்கு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு தொங்கிய கையைப் பிடித்தேன்.

"ஏங்க. எந்திரிங்க."

"என்னட்டி? கோர் வந்துட்டா?"

மேடம் இல்லை. ஏட்டி. தூக்கக் கலக்கம்.

விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார், மேலே தலை இடித்தது. படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றார். பிறகு, "லாக்ல எழுதலயா?" என்று கேட்டார்.

"எழுதத்தான் போறேன். ஒங்ககிட்டச் சொல்லிட்டு எழுதலாம்னு வந்தேன்."

கீழே இறங்கினார். ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அன்னைக்கு நானும் இப்படித்தான் வந்தேன் ஆவுடை."

"என்னைக்கு?"

"ஒன் மூடி மாறுன அன்னைக்கு. கதவத் தெறந்து உள்ள வந்துட்டேன். நீ நாலு நாளா வாந்தி எடுத்து, பொட்டுத் தூக்கம் இல்லாம கெடந்தே. அன்னைக்குத்தான் கண்ண மூடியிருந்தே. ஒரு அரை மணி நேரம் நின்னுருப்பேன். எழுப்ப மனசு வரல. திரும்பிப் போயி எழுதிட்டேன். காலையில மீட்டிங்குக்கு முன்னால சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கோர் வந்துட்டு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இதச் சொல்ல அஞ்சு வருசமாய்யா? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீ கேக்கல."

"நீங்க சொல்லல."

"நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. சொன்னா சாக்குச் சொல்லுதான்னு நீ நெனப்பேன்னு நெனச்சேன்."

நினைத்தாராம். எல்லாவற்றையும் அவரே நினைத்து, அவரே முடிவு செய்து, அவரே வாயை மூடிக்கொள்வார். நான் மட்டும் என்ன, கேட்டேனா? கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிகிற விஷயம்.

கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். எங்கள் தலைவர் டாக்டர் ராஜ்யலக்ஷ்மி விசாகப்பட்டினக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும். மிகத் தணிந்த குரலில் யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். ஆவுடை, என்னை எழுப்பிச் சொன்னாள் என்றார் இவர். சல்லடையின் ஆழத்தை ஒரு மீட்டர் முப்பது உயர்த்தினார்கள். அந்தத் துளையின் எல்லாத் துண்டுகளையும் இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தண்டனை.

ஒரே நேரத்தில் அறையில் இருந்த நிமிடங்கள்: இருபத்திரண்டு. வேலை விஷயமாக.

மார்ச் 12

இரண்டு நாளாக மத்தியானம் இரண்டு முதல் ஆறு வரை குளிர்க் கிடங்கில் இருவரும். உள்ளே நான்கு டிகிரி. பஞ்சு வைத்த கோட்டு, குல்லா, கையுறை. அவர் துண்டை இழுப்பார், நான் படத்தோடு ஒப்பிடுவேன். அவர் தூக்கத்தில் பாதி போகிறது. ஒரு வார்த்தை முனகவில்லை.

"பிரஷர் மாத்திர எப்ப இருந்து?" என்று இன்று கேட்டேன்.

"போன வருசம் ஆடியில இருந்து. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ரூம்ல இருக்கோம், தெரியாதா."

"மேல் பெர்த்துல தலகாணிக்கு அடியில இருக்கது எப்படித் தெரியும்னு கேக்கேன்."

முப்பத்தெட்டாவது கோர், மூன்றாவது துண்டு, சரி என்று சத்தமாக வாசித்தேன். அவர் குல்லாவுக்குள் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை இழுத்தார். வேறு எந்தத் துண்டும் தலைகீழ் இல்லை. முடிந்துபோனதில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, குளிரில் நிற்க யாருக்கு ஆசை இருக்கும் என்று தெரியவில்லை.

இருபத்துநான்காம் தேதியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மார்ச் 14

பம்ப் இறக்கியாகிவிட்டது. தண்ணீர் வருகிறது.

மார்ச் 15

தண்ணீர்தான். அழுத்தம் மெல்ல மெல்ல இறங்குகிறது. யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவர் தூங்கப் போகாமல் அளவுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு மீட்டர் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "போய்ப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன். வந்தா எழுப்புதேன்" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 16

மாலை 5:20. வந்துவிட்டது.

கப்பலின் பின்பக்கம் கடலுக்கு மேல் நீட்டியிருக்கும் குழாயின் முனையில் முதலில் தண்ணீராகத் துப்பியது. பிறகு புஸ்ஸென்று காற்று. பற்றவைப்பானை அழுத்தினார்கள். ஒரு தடவை பற்றி அணைந்தது. இரண்டாவது தடவை பற்றியது பற்றியதுதான். அத்தனை தொலைவிலும் முகத்தில் சூடு அடித்தது. கடலுக்கு அடியில் யாரும் பார்க்காமல் கிடந்த பனி, எங்கள் கண்முன்னால் மஞ்சளாக எரிந்தது. டாக்டர் ராஜ்யலக்ஷ்மி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். லாசர் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் ஓடிப்போய் எழுப்பியிருந்தேன். வாக்குக் கொடுத்திருந்தேனே. லுங்கியும் பாதுகாப்புத் தொப்பியுமாக வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நானும் நகரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வக்கீலுக்கு எதற்கு இதெல்லாம். நிமிடம் எழுத மறந்தே போய்விட்டது இத்தனை நாளாக.

மார்ச் 17

வாயு நிற்காமல் வருகிறது. ஆகவே கப்பல் இருபதாம் தேதி திரும்பாது. இருபத்தொன்பது வரை நீட்டிவிட்டார்கள். அவசரமாகக் கரைக்குப் போக வேண்டியவர்களுக்கு இருபத்தொன்றாம் தேதி காலை ஒரு படகு வரும். சாப்பாட்டு அறைச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. போகிறவர்கள் பெயர் எழுத வேண்டும்.

நான் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம்.

மார்ச் 18

தேநீர் குடிக்க ஐந்து தடவை போனேன். தாள் காலியாக இருக்கிறது.

மார்ச் 19

தாளில் ஒரே ஒரு பெயர். சா. கோமதிநாயகம், அறை 214. அவர் கையெழுத்துதான்.

மாலையில் மாற்றும் வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. சார் என்றேன்.

சரி. அவர் முடிவு செய்துவிட்டார். நானும்தான் செப்டம்பரிலேயே முடிவு செய்தேன். இதில் அழ என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தலையணையின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுப் படுக்கிறேன்.

மார்ச் 20

காலையில் தாளின் கீழே என் பெயரை எழுதப் போனேன். பேனாவைத் திறந்தும்விட்டேன். ஐந்து வருடம் முன்னாலும் இப்படித்தான் ஒரு தாளில் அவர் எழுதியிருந்ததைப் பார்த்து, எல்லாம் புரிந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன். பேனாவை மூடினேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு 214க்குப் போனேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராகப் போய் உலுக்கினேன்.

"ஏங்க. எந்திரிங்க."

"என்னட்டி, திருப்பி மூடியா?"

"படகுக்குப் பேரு குடுத்திருக்கீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"இருபத்திநாலாம் தேதில்லா."

"தேதி எனக்கும் தெரியும். எதுக்குன்னு கேக்கேன்."

எழுந்து உட்கார்ந்தார். கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரெண்டு பேரும் வந்தாத்தான் முடியும்னு வக்கீல் சொன்னாரு. நான் இங்கனயே இருந்துட்டா ஒனக்கு இன்னும் இழுத்துட்டே கெடக்கும். நீ எப்படியும் போவேன்னு நெனச்சேன். தனியா அந்தப் படகுல, ஒனக்கு வாந்தி வேற வரும். அதான் எம்பேர எழுதி, கீழ ஒனக்கு எடம் விட்டு வச்சேன்."

"நெனச்சீங்க."

"ம்."

"எங்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"இப்பக் கேளுங்க."

எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேர் முன்னால் பேசுகிற மனுஷன், தொண்டையைக் கனைத்துக் கனைத்துக் கேட்டார்.

"ஒனக்குப் போவணுமா ஆவுடை?"

"எனக்குப் போவண்டாம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஒங்களுக்கு?"

"எனக்கும் போவண்டாம்டி. செப்டம்பர்லயும் போவண்டாம்னுதான் இருந்துச்சு. நீ கையெழுத்துப் போட்டே, நானும் போட்டேன்."

நன்றாக இரண்டு திட்டுத் திட்டினேன். முட்டாள் என்றும் சொன்னேன். அவர் ஏணியில் இறங்கி வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அழுது முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு, போய்ப் பெயரை அடித்துவிட்டு வருகிறேன் என்று சட்டையைத் தேடினார். நீங்கள் தூங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலே ஏற்றிவிட்டு, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு, நானே சாப்பாட்டு அறைக்குப் போனேன்.

இந்தக் கப்பலில் எந்தத் தாளிலும் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே கோடாக அடித்து, காரணம் எழுதி, பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்தும் பொறுப்பும் போட வேண்டும். அவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். காரணம் என்று 'இவர் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு என்ற இடத்தில் 'மூத்த அலுவலர்' என்று வழக்கம்போல எழுதத் தொடங்கி, 'மூத்த'வோடு நிறுத்தி, அதையும் ஒரு கோடு அடித்துவிட்டு எழுதினேன்: மனைவி.